பிரைட்டனும் குற்றாலமும்

ஆனி பிறந்து நாலைந்து நாள்கள் ஆகியிருந்தன. புளியங்குடியில் வெயில் குறைந்தபாடில்லை. எனினும் மேற்கேயிருந்து வரும் காற்றில் ஒரு மாறுதல் தெரிந்தது. பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மலையை நோக்கி, "குத்தாலத்துல சாரல் விழுந்துட்டுது" என்றார். எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த இளைஞர்கள்கூட, மாலையில் எந்த வண்டியில் போவது, எப்போது திரும்புவது என்று பேசத் தொடங்கிவிட்டனர். நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுதான். சொக்கம்பட்டி, கடையநல்லூர், இடைகால், தென்காசி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கும்போதே, முகத்தில் அறையும் காற்றின் குளிர்ச்சி படிப்படியாகக் கூடிவரும். தென்காசியைத் தாண்டியதும் மலை எதிரே வந்து நின்றுகொள்ளும்.

ஆண்டுதோறும் நாம் செல்லும் வழிதான் இது. ஆயினும் இவ்வாண்டு நம் நெஞ்சில் வேறோர் ஊரும் உடன் வந்தது. அது ஆங்கிலநாட்டின் தென்கரையில் இருக்கும் பிரைட்டன் என்னும் ஊர். சென்ற ஆண்டு இலண்டனில் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது மருமகன் நம்மை அங்கே அழைத்துச் சென்றார். புகைவண்டியில் ஒருமணி நேரப் பயணம். "மாமா, இது இவங்க ஊரு குற்றாலம்" என்றார் அவர். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆனால் அது நம்மைவிட்டு அகலவில்லை.

முதலில் நமக்குச் சிரிப்பு வந்ததென்னவோ உண்மை. பிரைட்டன் கரையில் மணல் இல்லை, கூழாங்கற்கள்தாம். செருப்பில்லாமல் நான்கடி நடப்பதற்குள் நம் பாதம் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது. கடலோ சாம்பல் நிறம். அதில் இறங்கியவர்கள் இறங்கிய வேகத்திலேயே அலறிக்கொண்டு ஏறினர். 1899-இல் திறக்கப்பட்ட நீண்ட பாலம் ஒன்று கடலுக்குள் ஓடி நிற்கிறது. அதன்மேல் இராட்டினமும் மிட்டாய்க் கடையும் சூதாட்டப் பெட்டிகளும் இருக்கின்றன. மேற்கே 1866-இல் எழுந்த இன்னொரு பாலம் 1975-இல் மூடப்பட்டு, 2003-இல் எரிந்து, இன்று எலும்புக்கூடாகக் கடலில் நிற்கிறது. பொரித்த மீனை வாங்கி உண்ண அமர்ந்தால் கடற்பறவைகள் கையிலிருந்தே பறித்துச் செல்கின்றன. குற்றாலத்துக் குரங்குகளின் தொழிலை அங்கே அவை ஏற்றிருக்கின்றன போலும். மீனோடு ஒரு கீற்று எலுமிச்சை வைத்திருந்தார்கள். எலுமிச்சையைக் கண்டால் என்ன விலை என்று கேட்பது புளியங்குடிக்காரனின் பிறவிக்குணம். கேட்டோம். பரிமாறிய பெண் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கடலுக்கும் குற்றாலத்துக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கேரளத்தில் கரையேறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுத்து நிறுத்த, மழையெல்லாம் அந்தப் பக்கமே பெய்துவிடுகிறது. மலைக்கு இப்பால் உள்ள நம் சீமை வறண்டு கிடப்பதற்குக் காரணம் அதுவே. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலை சற்றே தாழ்ந்து ஒரு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது. அந்த வாயில் வழியாகக் கடற்காற்று நுழைந்து, சாரலாகத் தூவி, சிற்றாற்றை நிரப்பி, அருவியாக விழுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவோர் குளிரைத் தேடி மலையேற வேண்டும். குற்றாலத்தில் அடிவாரத்திலேயே நின்றால் போதும், குளிர் நம்மைத் தேடி இறங்கிவரும். பேரருவி நேராகத் தரையில் விழாமல் இடையில் ஒரு பாழியில் விழுந்து, நிறைந்து, பொங்கி வழிகிறது. அந்தப் பாழிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் பொங்குமாங்கடல்! பெயரிட்டவர் பருவக்காற்றின் கணக்கை அறிந்து இட்டாரோ, தற்செயலாக இட்டாரோ, கடல் என்ற சொல் அங்கே பொருந்தி அமர்ந்திருக்கிறது.

கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர் இந்த அருமையை விரைவிலேயே கண்டுகொண்டனர். பாளையங்கோட்டை வெயிலில் வெந்த அதிகாரிகளும் பாதிரிமார்களும் பருவந்தோறும் குற்றாலத்துக்கு வந்து பங்களா கட்டித் தங்கினர். ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தனர். ராபர்ட் வைட் என்னும் தாவரநூலார் 1830-களில் இம்மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார். 1904-இல் செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கொல்லம்வரை புகைவண்டி ஓடலானபின், குற்றாலம் எல்லார்க்கும் எட்டும் ஊராயிற்று. ரசிகமணி டி.கே.சி. அங்கே குடியேறி, நண்பர்களை அருவிக்கும் கவிதைக்கும் ஒருசேர விருந்தழைத்ததைத் தமிழன்பர்கள் அறிவர். பிரைட்டனின் கதையும் ஏறத்தாழ இதுவே. மீன்பிடிக் குப்பம் ஒன்று. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீர் பல நோய்களைத் தீர்க்கும் என்று 1750-இல் ஒரு நூல் எழுதினார். 1783-இல் இளவரசர் ஒருவர் வந்தார். 1841-இல் இலண்டனிலிருந்து புகைவண்டி வந்தது. முதலில் நோயாளிகள், பின்பு செல்வர், அதன்பின் ஊரார் எல்லாரும் என்ற வரிசை இரண்டிடத்தும் மாறவில்லை.

அந்நாளில் பிரைட்டனில் நீராடிய முறையைப் படித்தபோது நமக்கு எம் பாட்டியார் நினைவு வந்தது. சீமாட்டிகள் சக்கரம் பூட்டிய மர அறை ஒன்றினுள் இருந்து ஆடை மாற்றுவர். குதிரை அதனைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். அங்கே இடுப்பளவு நீரில் திடகாத்திரமான பெண்ணொருத்தி காத்து நிற்பாள். அஞ்சிநிற்கும் சீமாட்டியைப் பற்றி இழுத்து, மூச்சு முட்ட அலைக்குள் அமுக்கி எடுப்பதே அவள் வேலை. மார்த்தா கன் என்னும் மீனவப் பெண்மணி அத்தொழிலில் பெரும்புகழ் பெற்று 1815-இல் மறைந்தார். எம் பாட்டியார் ஊரில் வெள்ளைத் துப்பட்டி இல்லாமல் வாசல்படி தாண்டாதவர். குற்றாலத்தில் பெண்கள் பகுதியில் அருவிக்கு ஐந்தடி தள்ளி நின்று, "போதும், இங்கேயே தெறிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்பின் அறியாத ஓர் அம்மாள், "இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன ஆச்சி!" என்று கையைப் பற்றி நீருக்குள் இழுத்துக்கொண்டாராம். வெளியே வந்த பாட்டியார் இளம்பெண்போல் சிரித்தார் என்று உம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். இழுத்தவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்பது எம் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது.

நீராடும் ஊர்கள் எல்லாமே இத்தகைய கைகளால் நடப்பவைதாம். பிரைட்டனில் அப்படிப்பட்ட ஒரு கையின் வரலாற்றைத் தேடித்தான் நாம் புனித நிக்கலஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். ஷேக் தீன் முஹம்மது என்பவர் அங்கே அடங்கியிருக்கிறார்.

பாட்னாவில் 1759-இல் பிறந்தவர் அவர். தந்தை கம்பெனிப் படையில் பணியாற்றி இறந்துபோக, பதினொரு வயது நிரம்புமுன்பே மகனும் ஓர் அயர்லாந்து அதிகாரியின் பின்னே படையோடு சென்றுவிட்டார். 1784-இல் அந்த அதிகாரியோடு அயர்லாந்தை அடைந்தார். 1794-இல் தம் பயணங்களை நூலாக எழுதி வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல்நூல் அதுவே. 1810-இல் இலண்டனில் இந்திய உணவுவிடுதி ஒன்றைத் திறந்து, இரண்டே ஆண்டுகளில் கடனாளியானார். ஐம்பது வயதைக் கடந்தபின், கையில் ஒன்றுமில்லாமல், மனைவி மக்களோடு பிரைட்டனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குக் கைகொடுத்தது நம் நாட்டில் சாமானியரும் அறிந்த ஒரு தொழில்: எண்ணெய் தேய்த்து, உடம்பு பிடித்துவிடுதல்.

மூலிகை கலந்த ஆவியில் நோயாளியை ஒரு கம்பளித்துணிக் கூடாரத்துள் அமர்த்துவார். கூடாரத்தின் பக்கங்களில் சட்டைக்கை போன்று துணி தைத்திருக்கும். வெளியே நின்றபடி அதற்குள் தம் கைகளை நுழைத்து, உள்ளே இருப்பவரின் தோளையும் முழங்காலையும் அமுக்கிவிடுவார். அமுக்கு என்று பொருள்படும் 'சாம்போ' என்ற இந்திச் சொல்தான் ஆங்கிலத்தில் 'ஷாம்பூ' ஆயிற்று. தலைக்குத் தேய்க்கும் நுரைக் குழம்புக்கு அப்பெயர் வந்தது வெகுகாலம் கழித்து. கடற்கரையிலேயே பெருங்குளியலகம் எழுந்தது. பெண்களுக்குரிய பகுதியை மனைவி ஜேன் கவனித்துக்கொண்டார். நான்காம் ஜார்ஜும் அவருக்குப்பின் நான்காம் வில்லியமும் அவரைத் தம் 'ஷாம்பூ மருத்துவ'ராக அமர்த்தினர். முடம் நீங்கியோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைத் தம் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார் என்று படித்தபோது, தர்காக்களில் நேர்ச்சை செலுத்துவோர் விட்டுச்செல்லும் பொருள்கள் நம் கண்முன் வந்தன. மனிதர் நம் நாட்டவர்தான் என்பதில் ஐயமென்ன!

ஆனால் ஒன்றை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. 1786-இல் ஜேன் டேலி என்ற அயர்லாந்துப் பெண்ணை மணந்தபோது அவர் கிறித்தவத் திருச்சபைக்குள் சென்றுவிட்டார். பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் செய்வித்தார். முஹம்மது என்ற பெயரை மட்டும் விடவில்லை. கடைப்பலகையில் அதையே பெரிதாக எழுதினார். அவருடைய பேரர் பிரடெரிக் அக்பர் முஹம்மது (1849–1884) இலண்டனில் மருத்துவராகி, இரத்த அழுத்த நோயைப் பற்றி முன்னோடியான ஆய்வுகள் செய்தவர். மூன்றாந்தலைமுறையிலும் அக்பர்! பெயரைச் சுமந்தவர்கள் எதை நினைத்துச் சுமந்தார்கள்? வணிகத்துக்கா, மரியாதைக்கா, விட்டுவந்த ஒன்றின் நினைவுக்கா? நமக்கு விடை எட்டவில்லை. முதுமையில் அந்தக் குளியலகமும் அவர் கையைவிட்டுப் போயிற்று. 1851 பிப்ரவரியில் அவர் காலமானார். இரண்டு திங்களுக்குமுன் மனைவி போயிருந்தார். கல்லில் 101 வயது என்று பொறித்திருக்கிறார்கள். மருத்துவர் என்ற பெருமைக்காகத் தம் வயதைப் பத்தாண்டு ஏற்றிச் சொல்லிவந்தவர், கல்லிலும் அதை விடவில்லை.

அந்தக் கல்லின்முன் நின்றபோது நம் நிலைமை சங்கடமாயிற்று. கபுறைக் கண்டால் ஸலாம் சொல்வதும் ஓதுவதும் நமக்குச் சிறுவயது முதல் பழக்கம். வாய் தானாகவே அசையும். சுற்றிலும் சிலுவைகள். மருமகன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கத்தை விட்டவருக்கு ஓதலாகாது என்பது நாம் கற்றது. உள்ளத்தில் இருந்ததை அறிந்தவன் இறைவன் ஒருவனே என்பதும் நாம் கற்றதுதான். கைகளை உயர்த்தப்போய், பாதியில் சால்வையைச் சரிசெய்வதுபோல் செய்துகொண்டு இறக்கிவிட்டோம். ஊர் திரும்பியபின் மார்க்கம் அறிந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "நீங்க ஓதாதது சரிதான்" என்றார். சிறிதுநேரம் கழித்து, "ஆனா அந்த இடத்துல நானா இருந்தாலும் தடுமாறித்தான் போயிருப்பேன்" என்றார்.

அங்கிருந்து சிறிது தொலைவில்தான் இளவரசர் கட்டிய அரண்மனை இருக்கிறது. 1815 முதல் ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞர் அதற்கு இந்தியக் கும்மட்டங்களையும் மினார்களையும் வைத்து மாற்றியமைத்தார். உள்ளே முழுவதும் சீனத்துச் சித்திரங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் பள்ளிவாசலோ என்று தோன்றும். நெருங்கினால் மது விருந்துக்கும் இசைக்கும் கட்டியது என்று தெரியும். அந்த மண்டபங்களில்தான் 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம்வரை, பிரான்ஸ் போர்க்களத்தில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களைக் கிடத்தியிருந்தார்கள். பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்கர், கர்வாலியர் எனப் பலர். ஊரிலிருந்த இந்திய மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 12,000 பேரை ஏற்றன. சமயமும் சாதியும் கெடாதபடி ஒன்பது சமையற்கட்டுகள் வைத்தனர். ஹலாலுக்கு வழிசெய்தனர். முஸ்லிம்கள் கிழக்குநோக்கித் தொழப் புல்வெளியில் இடம் ஒதுக்கினர். சீக்கியருக்கு ஒரு கூடாரம் தந்தனர். ஒவ்வொரு கூடத்திலும் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய்.

இந்தக் கவனத்தை நாம் குறைகூறவில்லை. அரசியல் நோக்கம் ஒன்று பின்னே இருந்திருப்பினும், அடிபட்டுக் கிடப்பவனுக்கு அவன் நம்பிக்கை மதிக்கப்படுவது பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு குழாய்களைப் பற்றிப் படித்த இடத்தில் நம் கண் நின்றுவிட்டது. வடநாட்டுப் புகைவண்டி நிலையங்களில் ஒருகாலத்தில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனியே விற்றார்கள் அல்லவா? அந்தப் பிரிவினையைக் கடல்தாண்டி இந்த அரண்மனைவரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே அகழியில் ஒரே சேற்றில் ஒரே குண்டுக்கு விழுந்தவர்கள் தாகத்துக்கு இரண்டு குழாய்களை நாடினார்கள். இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரச் செவிலியர் இவ்வீரர்களைத் தொட்டுப் பணிவிடை செய்வதை மேலிடம் விரும்பவில்லை. மேற்பார்வைக்கு மட்டும் இருந்தவர்களையும் 1915-இல் விலக்கிவிட்டது. அதே ஊரில், நூறாண்டுகளுக்குமுன், பாட்னாக்காரர் ஒருவரின் கை மன்னரின் தோளைப் பிடித்துவிட்டதே!

இறந்தவர்களையும் பிரித்தே கொண்டுசென்றனர். இந்துக்களும் சீக்கியரும் ஊருக்கு வெளியே பச்சைமேட்டில் தகனம் செய்யப்பட்டனர். அங்கே 1921-இல் வெண்பளிங்குச் சத்திரி ஒன்று எழுந்தது. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வோக்கிங் நகருக்குச் சென்றன. போபால் பேகம் ஷாஜஹான் பெயரில் 1889-இல் எழுந்த பள்ளிவாசல் அங்கிருக்கிறது. அதனருகே அவர்களை அடக்கினர். 1968-இல் அங்கிருந்தும் எடுத்து வேறிடத்தில் அடக்கினர். அவர்களுக்காக நாம் ஓதினோம். அதில் தயக்கம் ஏதும் எழவில்லை.

இத்தனையும் உள்ளே கிடக்க, இவ்வாண்டு ஆனியில் குற்றாலம் சென்றோம். பேரருவியில் நல்ல தண்ணீர். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். அதைத் தவிர வேறு பிரிவினை எதையும் அந்த நீரில் நாம் கண்டதில்லை. அருகே குற்றாலநாதர் கோயில். குளித்தெழுந்தவர்களில் சிலர் திருநீறு பூசி அங்கே செல்வர்; சிலர் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு ளுஹருக்கு இடம் தேடுவர்; பெரும்பாலோர் புரோட்டாக் கடைக்கு ஓடுவர். அருவிக்குக் கீழே நிற்கும்போது மேலாடை இல்லை, தொப்பி இல்லை, பூணூல்கூட நீரின் வேகத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டுவிடும். இடிக்கிற தோள் யாருடையது என்று திரும்பிப் பார்க்க நீர் விடாது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: அருவியை எளிதாக எண்ணலாகாது. 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனை அடித்துச் சென்றது. மலையில் மழை என்றால் காவலர் தடுக்கிறார்கள். முணுமுணுக்காமல் விலகி நிற்பதே முறை.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ ஆகியவற்றைப் பயன்படுத்த 2014-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை தடைவிதித்தது. நீரைக் காக்க அது தேவையே. பாட்னாக்காரரின் கைத்தொழில் பொட்டலத்தில் அடைந்து ஒரு ரூபாய்ச் சரக்காகி, கடைசியில் அருவிக்கரையில் குற்றப்பொருளாகிவிட்டதை எண்ணி நாம் தனியே சிரித்துக்கொண்டோம். எண்ணெய் தேய்த்துவிடுவோர் அருவியைவிட்டுத் தள்ளி, தனி இடங்களில் தொழில் செய்கின்றனர். அவர்களுள் நம் வயதொத்த ஒருவரிடம் சென்று அமர்ந்தோம். விரல்கள் தோள்பட்டையில் இறங்கின.

"எந்த ஊரு பாய்?"

"புளியங்குடி."

"எலுமிச்சங்கா ஊரா! இப்ப என்ன வெல போகுது?"

சொன்னோம். பின்பு, அவர் தொழிலைச் செய்த ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்குமுன் இங்கிலாந்து ராஜாவுக்கே உடம்பு பிடித்துவிட்டார் என்ற செய்தியையும் சொன்னோம். அவர் வியப்படைவார் என்று எதிர்பார்த்தோம். கை நிற்காமலே கேட்டார்: "கூலி ஒழுங்காக் குடுத்தானா?"

"நல்லாத்தான் குடுத்தாங்க. ஆனா கடைசிக் காலத்துல கடை கையைவிட்டுப் போயிடுச்சு."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு முதுகுப்பக்கம் வந்தார். "இப்படிச் சாயுங்க. இந்த நரம்பு பிடிச்சிருக்கு."

நெடுநாளாக நம்மை வருத்திவந்த வலது தோள் அன்று தளர்ந்தது. கேட்ட கூலிக்குமேல் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து, அதிகமானதைத் திருப்பிக் கொடுக்கவந்து, பின்பு சிரித்துக்கொண்டே மடியில் வைத்துக்கொண்டார்.

எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போகக் கழுவித் துடைத்தபின் அருவிக்குச் சென்றோம். வெயிலும் சாரலும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. மழை இறங்கும் வேளையில் கேட்கும் துஆ தள்ளப்படுவதில்லை என்று உம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். நீருக்குள் நுழைந்ததும் உலகத்து ஓசையெல்லாம் அடங்கி ஒரே முழக்கமாயிற்று. பிரைட்டனில் பாதியில் இறக்கிய கை நினைவுக்கு வந்தது. எது கூடும், எது கூடாது என்று நாம் வாதாடவில்லை. ஓதவுமில்லை. அந்தக் கையின் உழைப்பை நீ அறிவாய் என்று மட்டும் அவனிடம் சொன்னோம். நம் உதடுகள் அசைவதைக் கண்ட பக்கத்து மனிதர், நமக்குக் குளிர் தாங்கவில்லை என்று எண்ணினார் போலும். நம் கையைப் பற்றி, நீர் சற்றுக் குறைவாக விழும் ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினார்.